மூன்று எண்களில் மாட்டிக்கொண்ட 486

என் பழைய 486 கணினியில் இருந்த 340 எம்பி ஐடிஇ (40 பின் கேபிளில் மாட்டுகிற வகை) ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டிவிட்டு ஒரேயடியாக நின்றுபோனது. அதே காலத்து டிஸ்க் இன்னொன்றைத் தேடவில்லை. அதற்கும் முப்பது வயசு ஆகியிருக்கும். டிஸ்க்குக்குப் பதில் 40 பின் அடாப்டர் ஒன்று, அதில் செருக காம்பாக்ட் ஃப்ளாஷ் என்கிற மெமரி கார்டு ஒன்று, அவ்வளவுதான்.

மாட்டுவது சுலபம். கேபிளின் சிவப்புக் கோடு 1ஆம் பின் பக்கம் வர வேண்டும். அடாப்டருக்குப் பவர் வருவது ஃப்ளாப்பிக்குப் போகும் சின்ன பிளக்கில். அதைத் திருப்பிச் செருகினால் 5 வோல்ட் போகிற இடத்தில் 12 வோல்ட் பாயும், கார்டு அங்கேயே காலி.

தொல்லை பயாஸில்தான் (ஆன் செய்ததும் முதலில் ஓடி, டிஸ்க்கை அடையாளம் காணும் புரோகிராம்) ஆரம்பித்தது. போட்டது 4 ஜிபி கார்டு. ஆட்டோ டிடெக்ட் கொடுத்ததும் மெஷின் உறைந்துவிட்டது. இந்தப் பழைய பயாஸுக்கு டிஸ்க்கின் அளவைச் சொல்லும் மூன்று எண்களில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதுதான் உச்சவரம்பு. செக்டருக்கு 512 பைட் வீதம் சுமார் 528 எம்பி. பயாஸில் டிஸ்க் டைப்பை 'யூசர்' என்று வைத்து 1023, 16, 63 என்று கையால் அடித்ததும் அடங்கியது. கார்டில் மிச்சம் சும்மா கிடக்கும், கிடக்கட்டும்.

அடுத்தது நானே வரவழைத்துக்கொண்ட வினை. நேரம் மிச்சமாகும் என்று புதுக் கணினியிலேயே கார்டில் பார்ட்டிஷன் (டாஸுக்கான பகுதி) போட்டு, பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் 6.22-ஐயும் ஏற்றி எடுத்து வந்தேன். 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்'! புதுக் கணினி 255 ஹெட் கணக்கில் எழுதுகிறது, இது 16 ஹெட் கணக்கில் படிக்கிறது. சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் பூட் செக்டரைத் தேடிப் போகிற இடமே தப்பு. பார்ட்டிஷனை அழித்துத் திரும்பப் போட்டும் பூட் ஆகவில்லை. முதல் செக்டரில் ஏற்கெனவே இருக்கும் பூட் கோடை எஃப்டிஸ்க் (டாஸில் பார்ட்டிஷன் போடும் கட்டளை) தானாக மாற்றாது. பூட் ஃப்ளாப்பியில் தொடங்கி, அந்தக் கோடைப் புதிதாக எழுதும் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கொடுத்து, பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, 'ஃபார்மட் சி: /எஸ்' ஓட்டிய பிறகுதான் சி ப்ராம்ப்ட் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது, அதுதான் கொஞ்சம் வெறுமை.

மறுநாள் ஆன் செய்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது. கார்டைக் கழற்றாதீர்கள், குற்றவாளி பயாஸில் அடித்த எண்களை நினைவில் வைத்திருக்கும் பேட்டரி. அது செத்தால் எண்களும் மறந்துபோகும். மதர்போர்டில் நீல நிற நிக்கல் காட்மியம் உருளை இருந்தால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்தால் பக்கத்து டிராக்குகளைத் தின்றுவிடும். பச்சை படிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். அந்த இடத்தில் சாதா லித்தியம் செல்லை சாலிடர் வைக்கவே கூடாது. அங்கே சார்ஜிங் கரண்ட் வரும். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று தனி ஹெடர் (பின் வரிசை) இருக்கும், ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாற்றி அதில் கொடுங்கள்.

அதுவரை 1023, 16, 63 என்ற அந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.