பசங்க லீவுக்கு அங்க போனப்புறம், இங்க இருக்குறவங்க கவனத்துக்கு

அப்பா அம்மா பிரிஞ்ச வீடுகள்ல சம்மர் லீவு வந்தாலே எல்லா அட்வைஸும் கூட்டிட்டு போறவங்களுக்குத்தான், எங்க கூட்டிட்டு போலாம் எப்படி போரடிக்காம பாத்துக்கலாம்னு. அனுப்பிட்டு காலி வீட்ல உக்காந்திருக்குற ஆளுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. என்னைக் கேட்டா லீவு கெட்டுப்போறது பாதி நேரம் இந்தப் பக்கத்துலருந்துதான். நானும் இந்தப் பக்கத்து ஆளுங்கறதால தைரியமா சொல்றேன்.

முதல்ல போன். சின்னவ அப்பாகூட ஜாலியா விளையாடிட்டு இருப்பா, அப்பப் பாத்து கால் பண்ணி "அம்மாவ மிஸ் பண்றியாடா"ன்னு கேட்டா அது என்னத்த சொல்லும்? ஆமான்னா அங்க ஒரு மூஞ்சி வாடும், இல்லன்னா இங்க ஒரு மூஞ்சி வாடும், வீடியோ கால்னா ரெண்டையும் அவ ஒரே நேரத்துல பாக்கணும். அப்புறம் அந்த விசாரணை, யாரு வந்தா, அப்பா எத்தன மணிக்கு வந்தாரு, யார்கூட பேசிட்டிருந்தாரு... தெரிஞ்சே ஆகணும்னா அவருக்கே மெசேஜ் போடுங்க, புள்ளைய வேவு பாக்க விடாதீங்க. எங்க ஏற்பாடு, சாயங்காலம் பசங்களே கூப்பிடுவாங்க, மறந்துட்டா விட்டுடணும். மறந்துட்டாங்கன்னா சந்தோஷமா இருக்காங்கன்னு அர்த்தம். (புரியுது, ஆனாலும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்.)

விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம் மருந்து. பெரியவனுக்கு ஆஸ்துமா. தினமும் எடுக்குற ப்ரிவென்டர் இன்ஹேலர் வேற, மூச்சு திணறுறப்ப எடுக்குற ரிலீவர் வேற. லீவுல நல்லா ஓடியாடிட்டு இருக்கான்னு ப்ரிவென்டர நிறுத்திடுவாங்க, அத எடுக்குறதாலதான் அவன் நல்லாவே இருக்கான்! அதுல ஸ்டீராய்டு இருக்கறதால எடுத்ததும் வாய் கொப்பளிச்சு துப்பணும். இதெல்லாம் போன்ல சொன்னா குத்திக்காட்டுற மாதிரி கேக்கும், அதனால ஒரே பேப்பர்ல எழுதி ஸ்பேசரோட (இன்ஹேலர்ல மாட்டி மூச்சிழுக்குற குழாய்) பையில வெச்சிடுவேன், டாக்டர் நம்பரும் அதுலயே இருக்கும்.

மத்தபடி தூங்குற நேரம், டிவி, தலை சீவலையா, எல்லாம் அந்த வீட்டு ரூல். ஸ்கூல்ல ஒரு ரூல் வீட்ல ஒரு ரூல்னு பசங்க சமாளிக்கல? அவங்களால தாங்க முடியாதது நம்ம ரெண்டு பேர் சண்டைதான்.

ஐநாவோட 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 9வது பிரிவு இருக்கு, அப்பா அம்மா பிரிஞ்சிருந்தாலும் ரெண்டு பேரோடயும் தொடர்ந்து பழகுறது குழந்தையோட உரிமைன்னு சொல்லுது, குழந்தைக்கு கெடுதல்னா மட்டும் விலக்கு. அடி உதை பயம் இருக்குற வீட்டுக்கு நான் சொல்ற எதுவும் பொருந்தாது, அங்க வக்கீல், கோர்ட்தான். மத்தவங்களுக்கு, உரிமை புள்ளையோடது, "என் டைம் உன் டைம்"னு நாம பங்கு போடுற சமாச்சாரம் இல்ல.

திரும்பி வந்ததும் ஒண்ணு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டு இருப்பாங்க. அங்க கெடுத்து அனுப்பிட்டாங்கன்னு உடனே முடிவு கட்டாதீங்க, வீடு மாறுனா பெரியவங்களுக்கே அப்படித்தான். அந்த நாட்கள்ல விருந்தாளி, கல்யாணம், டியூஷன் எதுவும் வெச்சுக்காதீங்க.

அடுத்த லீவு தேதிய இப்பவே பேசி மெசேஜ்ல போட்டு வெச்சுடுங்க. வெளிநாடு கூட்டிட்டு போற பிளான்னா, கூட வராத அப்பாவோ அம்மாவோ எழுதிக் குடுத்த சம்மதக் கடிதத்த நிறைய நாடுகள்ல கேக்க வாய்ப்பிருக்கு, அத டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.