பேட்ச் போட்டாச்சு, ஆனா ஓடுறது பழைய கெர்னல்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த டர்ட்டி பைப் என்ற பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ-2022-0847) 2022 மார்ச்சில் அம்பலமானது. கெர்னலின் மூலத் தளமான கெர்னல்.ஆர்க் கணக்கில், 5.10 வரிசைக்கான திருத்தம் 5.10.102-இல். டெபியன் 11 என்ற லினக்ஸ் வெளியீட்டில் அப்போது இருந்ததோ 5.10.92. பயப்பட ஒன்றுமில்லை: திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து 5.10.92-2 தொகுப்பில் டெபியன் சேர்த்துவிட்டது. பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த 2. டெபியன் 10-இன் 4.19-க்கு இந்தக் கவலையே கிடையாது. ஓட்டையைச் சுரண்ட முடிந்தது 5.8-இலிருந்துதான்.

பேட்ச் மொத்தமே இரண்டு வரி. 'லிப்' அடைவில் உள்ள ஐஓவி_ஐட்டர்.சி கோப்பில், இரண்டு ஃபங்ஷன்களில், பைப் பஃபரின் (புரோகிராம்களுக்கு இடையே தரவு போகும் குழாயின் தற்காலிக இடம்) ஃப்ளாக்ஸைப் பூஜ்யமாக்கும் வரி விட்டுப்போயிருந்தது. முந்தைய உபயோகத்தில் ஒட்டிய 'மெர்ஜ் செய்யலாம்' ஃப்ளாக் அப்படியே தங்க, படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பின் பேஜ் கேஷிலும் (நினைவகத்தில் கெர்னல் வைத்திருக்கும் நகல்) எழுத முடிந்தது.

தொகுப்பு வரும்வரை காத்திருக்க முடியாத நாளில் நாமே போடலாம். ஆப்டின் சோர்ஸ் பட்டியலில் 'டெப்-சோர்ஸ்' வரி இருக்கிறதா பார்த்து, 'ஆப்ட் பில்ட்-டெப் லினக்ஸ்', பிறகு 'ஆப்ட் சோர்ஸ் லினக்ஸ்'. டிஸ்கில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பேட்சை பிரவுசரிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். கெர்னல் கோடில் இருப்பது டேப். ஒட்டும்போது ஸ்பேஸாகிவிட்டால் ஒரு ஹங்க்கும் (பேட்சின் ஒரு துண்டு) ஒட்டாது. கிட் பக்கத்தின் 'பேட்ச்' இணைப்பிலிருந்து கோப்பாகவே இறக்குங்கள்.

முதலில் 'பேட்ச் -பி1 --டிரை-ரன்'. 'ரிவர்ஸ்டு' என்று கேட்டால் டெபியன் ஏற்கெனவே போட்டுவிட்டது என்று பொருள். டிரை-ரன் இல்லாமல் ஓட்டும்போது 'ஒய்' அடித்தால் இருக்கும் திருத்தத்தைப் பிடுங்கிவிடுவீர்கள். 'ஆஃப்செட்' (வரி எண் மட்டும் நகர்ந்திருக்கிறது) பரவாயில்லை. 'ஃபஸ்' (சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தவில்லை) என்று வந்தால் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். இங்கே இரண்டு இடமும் ஒரே சாயல்: 'பஃப்->ஆப்ஸ்' வரிக்கு அடுத்த வரிதான் புதிது. இரண்டும் வந்ததா என்று கிரெப் போட்டு எண்ணிவிடலாம்.

பில்டுக்கு சோர்ஸுக்குள் போய் 'டெபியன்/பின்/டெஸ்ட்-பேட்சஸ்' ஸ்கிரிப்டைப் பேட்ச் கோப்பின் பெயர் கொடுத்து ஓட்டினால் போதும். பேட்சை அதுவே போட்டுக்கொள்ளும், அதனால் டிரை-ரன்னுக்குப் பிறகு கையால் போட்டு வைக்க வேண்டாம். '-எஃப் ஏஎம்டி64' கொடுத்தால் வேண்டிய ஃப்ளேவர் (கெர்னல் வகை) மட்டும் பில்ட் ஆகும், '-ஜே' கோர் எண்ணிக்கைக்கு.

சறுக்கல் பெரும்பாலும் இதற்கப்புறம்தான். இப்படி உருவாகும் கெர்னலின் பெயர் 5.10.0-0.ஏ.டெஸ்ட். கணினி எழும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப்பின் பட்டியலில் இது டெபியனின் 5.10.0-11-க்குக் கீழே நிற்கும். ரீபூட் செய்தால் பழையதே எழும். மெனுவில் 'அட்வான்ஸ்டு' போய்த் தேர்ந்தெடுங்கள், அல்லது 'கிரப்_டிஃபால்ட்' மாற்றி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். கையெழுத்துள்ளதை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் இயங்கினால் கையெழுத்தில்லாத இந்த கெர்னல் எழவே எழாது. சொந்தச் சாவியால் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை மோக்யூடில் என்ற கருவி வழியே பதிய வேண்டும்.

சரிபார்க்க 'யூநேம் -வி'. '-ஆர்' 5.10.0-11 போன்ற ஏபிஐ பெயரைத்தான் காட்டும், தொகுப்பு எண்ணைக் காட்டாது. டெபியனின் திருத்திய தொகுப்பு வந்ததும் டெஸ்ட் கெர்னலை நீக்கி, 'கிரப்_டிஃபால்ட்'டைப் பழையபடி 0 ஆக்குங்கள். மறந்தால் அடுத்தடுத்த அப்டேட்கள் டிஸ்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், ஓடுவது என்னவோ உங்கள் டெஸ்ட் கெர்னல்தான்.