வரக் தவாலி: இலைக்குள் தளர்வு, பானைக்குள் இறுக்கம்

வரக் தவாலி இப்போது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பதற்குப் பாலஸ்தீன, ஜோர்டான் வீடுகளில் அதுதான் பெயர். லெபனானில் வரக் இனப் என்பார்கள். ஷார்ஜாவில் எங்கள் எதிர்வீட்டில் இருப்பது பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன் ஊர்க் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாவைப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல நானும் 'கால்தோ' என்றுதான் கூப்பிடுகிறேன். திராட்சைக்குப் பேர்போன ஊர்க்காரர் ஆயிற்றே, விரலால் தடவியே இலை இளசா முற்றலா என்று சொல்லிவிடுவார்.

கடையில் கிடைப்பது உப்புநீரில் போட்ட புட்டி இலை. வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி அலசினால்தான் உப்பு இறங்கும். பூரணத்துக்கு உப்பை அதற்குப் பிறகே முடிவுசெய்கிறேன்.

பூரணம் எளிது. ஊறவைத்து வடித்த எகிப்திய அரிசி 1 கப், ஆட்டுக் கொத்துக்கறி 250 கிராம், 2 மேசைக்கரண்டி நெய், மிளகுத்தூள், ஆல்ஸ்பைஸ், துளி பட்டைத்தூள். கறியில் கொழுப்பு இருக்கவேண்டும். பாஸ்மதி வேண்டாம், அது உதிர்ந்து நிற்கும். இதற்குக் குட்டை அரிசிதான். நம் கை தன்னால் இஞ்சி பூண்டு விழுதுக்கும் மிளகாய்த்தூளுக்கும் போகும். போட்டால் இலையின் புளிப்பு காணாமல் போய்விடும். முழுப் பூண்டுப் பல் மட்டும் சுருள்களுக்கு நடுவே செருகலாம்.

இலையின் பளபளப்பான பக்கம் கீழே, நரம்புப் பக்கம் மேலே. காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு தேக்கரண்டி பூரணத்தை நீளவாக்கில் வைத்து, இரண்டு ஓரங்களையும் மடித்துச் சுருட்டவேண்டும். எவ்வளவு இறுக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே பானையில் பாதியை இறுக்கியும் பாதியைத் தளர்வாகவும் சுற்றி வேகவைத்தேன். இறுகியவற்றில் அரிசி உப்ப இடமில்லாமல் சில பிளந்துகொண்டன, நடுவில் அரிசியும் சரியாக வேகவில்லை. தளர்ந்தவை சுண்டுவிரல் தடிமனில் நிறைந்து வந்தன.

அப்படியானால் வேகும்போது அவிழாதா? அதைப் பானை பார்த்துக்கொள்ளும். அடியில் ஆட்டு விலா எலும்புத் துண்டுகள், அவற்றின் மேல் சுருள்களை மடிப்பு கீழே இருக்கும்படி நெருக்கி அடுக்கவேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்குக் குறுக்கே. மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து அழுத்திவிட்டால் கொதியில் எதுவும் மிதக்காது. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீர் தட்டை எட்டும் அளவுக்கு ஊற்றி, கொதித்ததும் தீயைக் குறைத்து ஒன்றேகால் மணி நேரமாவது விடுகிறேன். விலாக்கறி எலும்பை விட்டுக் கழலும் பக்குவம்தான் எனக்குக் கணக்கு.

இறக்கியதும் கவிழ்க்கக் கூடாது. கால் மணி நேரம் ஆறவிட்டு, மிச்சச் சாற்றை வடித்துவிட்டு, தாம்பாளத்தில் கவிழ்த்தால் பானையின் வடிவத்திலேயே இறங்குகிறது. விலாத்துண்டுகள் இப்போது உச்சியில். தொட்டுக்கொள்ளத் தயிர் போதும்.

கறி இல்லாத யலஞ்சியையும் தொடங்கியிருக்கிறேன். தக்காளி, பார்ஸ்லி, புதினா, மாதுளைப் பாகு, தாராளமாக ஆலிவ் எண்ணெய். அது ஆறிய பிறகு சாப்பிடுவது. மறுநாள் இன்னும் ருசி. பாகின் அளவுதான் இன்னும் பிடிபடவில்லை.

கால்தோவின் ஊரில் வசந்தகாலத்து இளம் இலைகளைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். ஏப்ரலில் பச்சை இலை சந்தைக்கு வந்ததும் அதைத்தான் செய்து பார்க்கப்போகிறேன்.