அண்ணா சொல்லும் தெஹிவளை

ஜூலை 2

ஆட்டிசம் உள்ள என் அண்ணா சில நாட்களாகப் பிட்டைத் தொடுவதில்லை. வலது கன்னத்தைத் தானே அறைந்துகொள்கிறார், இரவில் படுக்காமல் நடக்கிறார். 34 வயது ஆளின் கையைப் பிடிக்க அம்மாவுக்குப் பலம் இல்லை, கன்னத்துக்கும் கைக்கும் நடுவில் தலையணையை வைக்கிறார்.

பெரியம்மா தொலைபேசியில், "சின்ன வயசில நீ வேலைக்குப் போனபடியாலதான் இவன் இப்பிடி" என்றாராம். கேட்டதும் எனக்குக் கோபம் பொங்கியது. தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60களில் மேற்கில் வைத்தியர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964இலேயே அதை மறுத்து, காரணம் உயிரியல் சார்ந்தது என்று எழுதிவிட்டார். அம்மா இந்தப் பழியை இன்னும் சுமக்கத் தேவையில்லை.

ஆட்டிசம் முற்றிவிட்டது, குளிசையைக் கூட்டிக் கொடுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்குச் சம்மதமில்லை. ஆட்டிசம் பிறவியிலிருந்தே கூட இருப்பது, ஒரே வாரத்தில் திடீரென்று முற்றிவிடாது. புதிதாக ஏதோ அவரை வருத்துகிறது.

ஜூலை 3

காலையிலிருந்து "தெஹிவளை, தெஹிவளை" என்று ஒரே சொல். அண்ணாவுக்குக் கோச்சி என்றால் உயிர், கொழும்பின் கரையோர ரயில் பாதையில் உள்ள ஸ்டேஷன் பெயர்கள் முழுவதும் மனப்பாடம். ஆனால் இன்று கொள்ளுப்பிட்டியும் இல்லை, வெள்ளவத்தையும் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் ஏற மறுக்கிறார்.

மத்தியானம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "அந்தப் பல் டொக்டர் தெஹிவளையிலதானே இருந்தவர், பிள்ளை!"

அண்ணாவுக்கு அப்போது ஏழு வயதாம். பல்வலியோடு கோச்சியில் போய்ப் பல் பிடுங்கி வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயருக்குள் வலியும் சேர்ந்துவிட்டது.

ஆட்டிசம் உள்ளவர்கள் கேட்டதையே திருப்பிச் சொல்வதை வெறும் கிளிப்பேச்சு என்று நிறையக் காலம் நினைத்தார்கள். பாரி பிரிசன்ட், ஜூடித் டூகன் என்ற ஆய்வாளர்கள் 1981இல் அந்தத் திருப்பிச் சொல்லலுக்கும் பல பயன்கள் உண்டு என்று காட்டினார்கள். வேண்டியதைக் கேட்பது, பதில் சொல்வது, முறை எடுத்துப் பேசுவது எல்லாம் அதற்குள் இருக்கலாம். "எங்கே நோகுது?" என்றால் அண்ணா விரலை நீட்ட மாட்டார். உடம்புக்குள் நடப்பதை இடம் பிரித்துச் சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்கும் கடினம். தெஹிவளை என்று அவர் தன்னால் முடிந்த வழியில் சொல்லிவிட்டார்.

ஜூலை 6

ஒரு பல் வைத்தியசாலையில் "இப்படியானவர்களை மயக்கித்தான் பார்ப்போம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். இன்னொரு பல் வைத்தியர் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். காத்திருக்க வேண்டியதில்லை என்பதே பாதி வைத்தியம்.

நான் முன்கூட்டியே போய் வாசல், படிக்கட்டு, நாற்காலி, பெரிய விளக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து வந்தேன். அண்ணா அவற்றை வரிசையாக அடுக்கி அடுக்கிப் பார்க்கிறார். விளக்குக்குக் கறுப்புக் கண்ணாடி, சத்தத்துக்கு ஹெட்ஃபோன்.

ஜூலை 9

முடிந்தது! வைத்தியர் ஒவ்வொரு கருவியையும் முதலில் அண்ணாவின் கையில் கொடுத்து, அப்புறம்தான் வாய்க்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு முரசு (ஈறு) விறைத்ததும் அண்ணா எழுந்துவிட்டார். யாரும் தோளைப் பிடித்து அமுக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்று "கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி" என்று கல்கிசை வரை சொல்லி முடித்து, தானாகவே வந்து உட்கார்ந்தார். வலது கடைவாய்ப் பல் சொத்தை, அடியில் சீழ். இத்தனை நாள் எப்படித் தாங்கினாரோ என்று வைத்தியர் கேட்டபோது அம்மா அழுதுவிட்டார்.

ஜூலை 12

பிட்டும் சம்பலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மாவுக்கு 68. தெஹிவளை என்றால் என்ன என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில் சிஆர் கொப்பி என்ற தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, அண்ணாவின் சொற்களை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "கரண்ட் போச்சு" என்றால் வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "டிக்கெட் எங்கே" என்றால் பசி. சித்தப்பாவின் மகன் அதைப் படமெடுத்துக்கொண்டு போனான். அடுத்த கிழமை பல் வைத்தியரிடம் போகும்போது அவனும் வருகிறான், அண்ணாவோடு தனியாக உள்ளே போகப் பழகட்டும்.