சக்கரத்தில் வனையப் பழகுதல்

ஜூன் 2
பழகும் கைக்கு முக்கால் கிலோ மண் போதும். அதற்கு மேல் போனால் கைக்கு அடங்காது. உள்ளங்கையால் தள்ளி மடித்துப் பிசைந்தபின், கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டில் துளைகள் தெரிந்தால் இன்னும் பிசையணும். குமிழைவிடச் சீரில்லாத ஈரமே தொல்லை: ஒரு பக்கம் இளகி மறுபக்கம் இறுகிய மண்ணில் சுவர் கோணலாகத்தான் எழும்.

ஜூன் 4
மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவருதல். வந்தவர்களில் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது இங்கேதான். சக்கரத்தின் மேல்தட்டு ஈரமாக இருந்தால் மண் உருண்டை வழுக்கும். காய்ந்த தட்டில் ஓங்கி அறைந்து ஒட்ட வேண்டும். சக்கரம் நல்ல வேகத்தில் ஓடட்டும். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி அந்தக் கையால் பக்கவாட்டிலும், வலது கையால் மேலிருந்தும் அழுத்த வேண்டும். மண் தள்ளுகிற பக்கமெல்லாம் கை போனால் ஒருநாளும் நடுவுக்கு வராது. கூம்பாக ஏற்றி, அமுக்கி, மறுபடி ஏற்றி இறக்கணும். கண்ணை மூடி விரலை லேசாக வைத்தால் துள்ளல் தெரியக்கூடாது. கையை வெடுக்கென்று எடுத்தால் அத்தனையும் வீண். மெல்ல விலக்க வேண்டும்.

ஜூன் 7
கட்டைவிரலால் குழித்து, அடியில் 8 மி.மீ. விடுவது. ஊசி குத்தி அளக்கலாம். பிறகு அடித்தளத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலால் அழுத்தித் தேய்க்கணும். இதைத் தவிர்த்தாலும், உள்ளே தண்ணீரைத் தேங்கவிட்டாலும், காயும்போது அடியில் 'எஸ்' வடிவ விரிசல் விழலாம்.

ஜூன் 8
சுவர். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, உள்விரலும் வெளிவிரலும் நேருக்கு நேர் அழுத்தியபடி கீழிருந்து மேலே ஒரே சீராக இழுக்கணும். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் விரல் நெடுக ஏறிவிட்டால் சுவரில் திருகுப் பள்ளம் விழும். மூன்று நான்கு இழுப்புக்கு மேல் மண் தாங்காது, நீர் குடித்துத் தொய்ந்துவிடும்.

ஜூன் 10
பாலித்தீன் மூடிக் காயவைத்தல். விளிம்புதான் முதலில் காயும். அதனால் விளிம்பை மட்டும் மூடி, அடியைத் திறந்து வைப்பது சரி. நகம் தடம் பதிக்கும், ஆனால் சுவர் வளையாது என்ற பதத்தில் அடியைச் செதுக்கலாம்.

ஜூன் 21
பானையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது, சூளைக்கு ஆகாது. 100 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகிப் பானையை வெடிக்கவைக்கும். அதைத் தாண்டும்வரை சூட்டை மிக மெதுவாக ஏற்ற வேண்டும்.

புது மண் வாங்கினால், 10 செ.மீ. கோடு கீறிய மண் பட்டை ஒன்றையும் கூடவே சுட்டு அளந்து வைக்கவும். கோடு 9 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 10 சதவீதம். மூடி போட்ட ஜாடி வனைய அந்தக் கணக்கு வேண்டும்.