பெருமாள் திருவடிக்குக் கீழே

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தில் வரிசை மெல்லத்தான் நகரும். 1855ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலயம். நின்று நிதானமாகப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. இந்த முறை தாமரையை மட்டும் பார்ப்பது என்று மனத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

முதல் தாமரை வரிசையிலேயே கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா, கையிலிருந்த மொட்டின் பச்சையோடிய வெளியிதழ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உள்ளே மடித்துச் செருகிக்கொண்டே வந்தார். ஓரிதழும் கிழியவில்லை. சுற்று முடிய முடிய உள்ளிருந்த இளஞ்சிவப்பு விரிந்தது; நடுவில் மஞ்சள் பொகுட்டும் தெரிந்தது. "மகாலட்சுமித் தாயாருக்கா அம்மா?" என்று கேட்டேன். "ஆமாம் தம்பி, மொட்டாகக் கொடுக்க மனம் வரவில்லை" என்றார்.

சிற்ப மரபில் தாமரைக்கு இருக்கும் இடம் பெரியது. திருமாலின் உந்தியில் பூத்த தாமரையில்தான் பிரமன் தோன்றினான். பத்மநாபன் என்ற திருநாமமே அதிலிருந்து வந்தது. உற்சவ மூர்த்திகளில் பெருமாளின் வலப்புறம் நிற்பவள் ஸ்ரீதேவி, இடப்புறம் நிற்பவள் பூதேவி. அலங்காரத்தில் இருவரையும் பிரித்தறிவது எளிதில்லை. கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்ரீதேவியின் கையில் தாமரை. பூதேவியின் கையில் நீலோற்பலம் என்னும் நீல ஆம்பல். ஸ்ரீதேவிக்கு மார்புக்கச்சை உண்டு, பூதேவிக்கு இல்லை என்பது இன்னோர் அடையாளம். ஆனால் பட்டும் மாலையும் சாத்தியிருக்கும்போது அது கண்ணில் படாது.

நான் அதிக நேரம் பார்த்தது மூர்த்தி நிற்கும் தாமரை வடிவப் பத்ம பீடத்தை. பொதுவாக அதில் இதழ்கள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல்வரிசை நிமிர்ந்து திருவடியை ஏந்தும். கீழ்வரிசை கவிழ்ந்து மண்ணைப் பார்க்கும். சேற்றில் வேர்விட்டு நீருக்கு மேலே மலர்கிற பூவை ஸ்தபதி இப்படி இரு திசையிலும் விரித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பொருள் தெரிகிறது: பெருமாள் நிற்கும் இடம் விண்ணுக்கும் மண்ணுக்கும் பொதுவானது. அர்ச்சகர் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் திருமுகத்தையே சேவிக்கிறோம். ஆழ்வார்கள் திருவடியைத்தான் திரும்பத் திரும்பப் பற்றிக்கொண்டார்கள். அந்தத் திருவடி எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தரிசனம் முடிந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போனேன். 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் 2007இல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயம். அங்கும் தாமரையே பீடம். சமயம் வேறு, கைவண்ணம் வேறு; இதழ்களின் வளைவு மட்டும் எனக்கு நன்றாகப் பழகியதாக இருந்தது. புரட்டாசியில் இன்னும் சனிக்கிழமைகள் இருக்கின்றன. போகிறவர்கள் திருமுகத்தைச் சேவித்துவிட்டு, பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பீடத்தையும் சேவித்து வாருங்கள்.