ஏழுக்குப் போற வழி

"இவன் படிக்கல டீச்சர், எண்ணுறான்."

பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்த சார், என் ஒன்னாம் வகுப்புப் பையன் ஒருத்தனைப் பத்தி இதைச் சொல்லி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. திட்டியிருந்தாருன்னா அன்னிக்கே மறந்திருப்பேன், இப்படி வர்றவங்க ஏதாவது சொல்லிட்டுத்தான் போவாங்க, அது பழகிடுச்சு. ஆனா இவர் சிரிச்ச முகத்தோட மெதுவா சொன்னாரு, அதுவும் பாதி சரியா வேற இருந்துச்சு, அதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

நடந்தது இவ்ளோதான். 7 போட்ட அட்டையைக் காட்டி இது என்னன்னு கேட்டாரு. பையன் அட்டையைப் பாத்தான், எந்திரிச்சு நேரா செவத்துல தொங்குற நகைக்கடை கேலண்டர்கிட்ட போனான். 2023 ஜூலை அது, 1ஆம் தேதி சனிக்கிழமை, அதனால மேல் வரிசையில இடம் பத்தாம 30, 31 ரெண்டையும் முன்னாடி திணிச்சிருப்பாங்க, 1 கடைசி ஓரத்துல கெடக்கும். அவன் 30ஐத் தொடவே இல்ல, நேரா ஓரத்துல இருக்கிற 1ல விரலை வச்சான், அடுத்த வரிசைக்கு எறங்குனான், உதடு மட்டும் அசையுது, ஒன்னு ரெண்டு மூணுன்னு கட்டம் கட்டமா நகந்து, அட்டையில பாத்த அதே உருவம் வந்ததும் விரலை அழுத்தி நிறுத்திட்டு, "ஏழு சார்" அப்படின்னான்.

அப்பத்தான் சார் அதைச் சொன்னாரு. நான், "சரியாத்தானே சார் சொன்னான்?"னு கேட்டேன்.

"கேலண்டர் இல்லாட்டி?"

"இருக்குதே சார்."

இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது, ஆனா அந்த நேரத்துல அதைத் தவிர ஒன்னும் தோணல. நல்ல பதில் எல்லாம் சாயங்காலம் பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான் வருது. ஆவணி எத்தனாவது மாசம்னு யாராவது திடீர்னு கேட்டா நாம என்ன பண்றோம், சித்திரை, வைகாசி, ஆனி, ஆடின்னு விரலை மடக்கிட்டுத்தானே அஞ்சாவதுன்னு சொல்றோம், அதுக்காக நமக்கு ஆவணி தெரியாதுன்னு ஆயிடுமா? இதைச் சார்கிட்ட கேட்டிருக்கணும்.

ஆனா சாருக்கும் பதில் இருந்திருக்கும். மாசம் பன்னெண்டே பன்னெண்டு, அதை வச்சு யாரும் கணக்குப் போடப் போறதில்ல. இவன் நாளைக்கு 7ம் 8ம் கூட்டணும்னா, 7க்கு ஒரு நடை 8க்கு ஒரு நடைன்னு கேலண்டருக்கு நடந்துட்டு வர்றதுக்குள்ள கூட்டுறது எதைன்னே மறந்துடும். பாத்த ஒடனே பேர் வாயில வரணும், அப்பத்தான் மூளை அடுத்த வேலைக்கு ஃப்ரீயா இருக்கும். இது எனக்கும் தெரியும், பயிற்சியில கேட்டதுதான்.

இன்னொன்னும் சொல்லணும். எங்க வகுப்புல 50 வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்கிற பிள்ளைங்க இருந்தாங்க. புளியங்கொட்டை அஞ்சைக் குடுத்து எத்தனைன்னு கேட்டா ஒன்னுல இருந்து அஞ்சு வரை எண்ணும், சரி எத்தனை இருக்குன்னு மறுபடி கேட்டா திரும்ப ஒன்னுல இருந்து ஆரம்பிக்கும். கடைசியா சொன்ன எண்தான் மொத்தம்ங்கிறது இன்னும் புடிபடல. இவனுக்கு அது புடிபட்டுடுச்சு. ஏழு கொட்டை எடுடான்னா ஏழு எடுத்துக் குடுப்பான், ஏழுங்கிற பேரும் தெரியும், அந்த வளைஞ்ச கோட்டுக்கும் பேருக்கும் நடுவுலதான் ஒரு முடிச்சு விழல. அந்த முடிச்சை எங்க போனா போடலாம்னு அவனே ஒரு வழி கண்டுபுடிச்சு வச்சிருந்தான், நான் சொல்லித் தரல. தெரியாதுன்னு நிக்கிற பிள்ளையும் இவனும் ஒன்னா?

ஆனா பிள்ளைக்கு எண் தெரியுமான்னு நாங்க குறிக்கிற பட்டியல்ல ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டந்தான். இல்லைன்னு போட்டா அரும்பு, அதான் ஆரம்ப நிலை. எண்ணும் எழுத்தும்ங்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம் வந்தது 2022 ஜூன்ல, கொரோனாவுல விட்டுப்போனதைப் புடிக்கத்தான் வந்துச்சு, அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சது பிள்ளைங்களை அதது நிக்கிற எடத்துல இருந்து கூட்டிட்டுப் போறதுக்கு, அந்த யோசனையில எனக்கு ஒரு குறையும் இல்ல. எங்களது ஈராசிரியர் பள்ளி, மூணு வகுப்பும் ஒரே ரூம்ல ஒரே பாய்ல. அரும்புன்னு போட்டா அதே ஒன்னுலேந்து ஒம்பது அட்டையை இவன் திரும்பவும் மொதல்லேந்து பாக்கணும், இவன் வேற, சலிச்சுப் போனா ஜன்னல்ல ஏறிடுவான். நான் ஆம்னு போட்டேன்.

இவனுக்காகத்தான் போட்டேனா, சார் முன்னாடி விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு போட்டேனான்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. ஏன்னா மறுநாள் காலையில முத வேலையா கேலண்டர் மேல நியூஸ்பேப்பர் ஒட்டினேன். சார்கிட்ட அவ்ளோ பேசிட்டு, அவர் போனதும் அவர் சொன்னதையே செஞ்சேன்.

செஞ்சதுல ஒன்னு தெரிஞ்சுது. அஞ்சு வரைக்கும் அட்டையைத் தூக்கின ஒடனே சொல்லிட்டான், அதுக்கெல்லாம் கேலண்டர் அவனுக்கு எப்பவோ தேவையில்லாம போயிருக்கு, சும்மா பழக்கத்துல போயிட்டு இருந்திருக்கான். 6ம் 9ம் மாத்தி மாத்திச் சொன்னான், அது எல்லா பிள்ளைங்களும் சொல்றதுதான். 7க்கும் 8க்கும் மட்டும் பேப்பர் ஒட்டின எடத்தையே பாத்துட்டு நின்னான். அப்ப சார் சொன்னது சரிதானா? கேலண்டரை மூடினதாலதான் அஞ்சு வரை தெரியும்னு எனக்கே தெரிஞ்சுது. ஆனா அஞ்சு வரைக்கும் கொண்டுவந்து விட்டதும் அந்தக் கேலண்டர்தானே. நான் எந்தப் பக்கம் நின்னு யோசிச்சாலும் எதிர்ப் பக்கம் சரியாத் தெரியுது.

ஃபேன் காத்துல பேப்பர் ஒரு ஓரமா கிழிஞ்சு தொங்குச்சு. நான் திரும்ப ஒட்டல. ஒட்ட மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். கிழிசல் வழியா 8 தெரிஞ்சுது, அவன் எட்டிப் பாத்துக்கிட்டான், நானும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

அரையாண்டு பரீட்சைக்குள்ள பத்து வரைக்கும் கேலண்டர் இல்லாம வந்துடுச்சு. எப்ப வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு நான் கவனிக்கல, மணல்ல எழுதினதா, தாயக்கட்டையா, வயசா, எல்லாந்தானா. இதுல எதுவோ ஒன்னை என் கெட்டிக்காரத்தனம்னு சொல்லிக்க ஆசைதான். ஆனா பிரச்சனை தீரல, இடம் மாறிடுச்சு, அவ்ளோதான். கேலண்டர் 31ல முடிஞ்சுடுது பாருங்க. இருபத்தி மூணுன்னா வேகமாப் போயி விரலை வச்சுட்டு வந்துடுவான், 32ன்னு எழுதிக் காட்டினா அந்தரத்துல நிப்பான். வாயில மட்டும் ஐம்பது வரைக்கும் வரும். ஒன்னாம் வகுப்பு முடிக்கிறப்ப 99 வரைக்கும் படிக்கணும்னு நிபுண் பாரத்ங்கிற மத்திய அரசுத் திட்டத்தோட இலக்கு.

ஒரு திங்கக்கிழமை டெய்லர் டேப்போட வந்தான். அவங்க அம்மா வீட்டுல ப்ளவுஸ் தைக்கிறவங்க. டேப்பைப் பாய்ல நீளமா விரிச்சுப் போட்டு, நான் கரும்பலகையில 46 எழுதினா முட்டி போட்டுட்டே அது மேல நகந்து போயி 46ல நிக்கிறான், கூட நாலு பிள்ளைங்க பின்னாடியே முட்டி போட்டுட்டு. ஒன்னுலேந்து கூட எண்ணல இப்ப, 40 வரைக்கும் ஒரே தாவு, அதுக்கப்புறந்தான் விரல். சார் வந்து பாத்திருக்கணும்னு தோணுச்சு. சார் வந்தா இதையும் எண்ணுறான்னுதான் சொல்லுவாருன்னும் தோணுச்சு.

வாரக் கடைசியில அம்மா வந்துட்டாங்க. "டீச்சர், அந்த டேப்பைக் குடுத்துடுங்க, அளவு எடுக்க முடியாம பழைய ப்ளவுஸை வச்சு வெட்டிட்டு இருக்கேன், கேட்டா ஸ்கூல்ல வேணும்ங்கிறான்."

குடுத்துட்டேன். நான் ஒன்னு வாங்கித் தரேண்டான்னு சொல்லிட்டு, எப்படியும் 60 இன்ச்தானே, அதுக்கு மேல என்ன பண்ணுவன்னு கேட்டேன்.

"திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் 150 வரைக்கும் இருக்கு டீச்சர்."